தலையால் அல்ல, கையால்

நான்தான் மாற்றினேன் மிஸ். முதலில் உட்காருங்கள். அந்த ஸ்டூல் ஆடும், சுவர் பக்கமாகத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

யார் மாற்றியது என்று கேட்கத்தானே ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் உங்களை அனுப்பியிருக்கிறார்? கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். அதோ லேமினேஷன் மிஷினுக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டுகிறாரே, அவர்தான் இந்த ஜெராக்ஸ் கடையின் முதலாளி, பெனடிக்ட் அண்ணன். எழுத்துப் பிழை என்று சொல்லச் சொல்லிக் காலையிலிருந்து எனக்குப் பாடம் எடுத்தார். "ஸ்கூல் ஆர்டர் போச்சுன்னா கடைய இழுத்துப் பூட்ட வேண்டியதுதான் பிள்ளே. டைப் அடிக்கும்போ மாறிப்போச்சுன்னு சொல்லிரு" என்றார். எப்படி மிஸ் மாறும்? ‘தலையால்’ என்று அடிக்கும்போது விரல் தவறினால் ‘தளையால்’ என்று விழும். ‘தழையால்’ என்று விழும். ‘கையால்’ என்று எப்படி விழும்?

அண்ணே, சும்மா சிமிட்டாதீங்க. சொல்லியாச்சு.

நீங்கள் செவ்வாய்க்கிழமைதான் பள்ளியில் சேர்ந்தீர்கள். திங்கட்கிழமை அசெம்பிளியில் நடந்ததை மற்ற டீச்சர்மார் சொல்லியிருப்பார்கள். கிளீட்டஸ் சார் எவ்வளவு பெரிய மனசுக்காரர் என்று சொல்லியிருப்பார்கள். ஸ்டாஃப் ரூமில் இப்போது அதுதானே பேச்சு? நான் மிச்சத்தைச் சொல்லுகிறேன். கரண்ட் வர நேரமாகும். உங்களுக்கும் ஜெராக்ஸ் வேண்டும், எங்கே போகப்போகிறீர்கள்?

அசெம்பிளியில் திருக்குறள் முடிந்ததும், செய்தி முடிந்ததும், ‘விளையாட்டில் இன்று’ என்று ஒன்று வாசிப்பார்கள். இந்தத் தேதியில் எந்த வருடம் யார் என்ன சாதித்தார் என்று. வேறு எந்தப் பள்ளியிலும் இது கிடையாது. கிளீட்டஸ் சார், நம் பி.டி. சார், அவராகவே தொடங்கி வைத்தது. ஒரு வாரத்துக்கு உள்ளதைக் கையால் எழுதி சனிக்கிழமை இங்கே கொண்டுவருவார். அவருக்குத் தமிழில் டைப் அடிக்கத் தெரியாது. நான் அடித்துக் கொடுப்பேன். திங்கட்கிழமை காலையில் மைக்குக்குப் பக்கத்தில் இருக்கிற போர்டில் அவரே ஒட்டுவார். ஒரு பிள்ளை நின்று அதைப் பார்த்து வாசிக்கும். அந்தப் பிள்ளைக்கு என்ன வாசிக்கிறோம் என்றே தெரியாது. ‘ஒலிம்பிக்கில் தங்கம்’ என்பதையும் ‘நாளை பள்ளி விடுமுறை’ என்பதையும் ஒரே குரலில் வாசிக்கும்.

ஜூன் 22-க்கு எப்போதும் இரண்டு செய்தி உண்டு. முதலாவது உலகத்துக்கே தெரிந்தது. 1986, உலகக் கோப்பை, இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் தட்டிப் போட்ட கோல். நடுவர் பார்க்கவில்லை. கடவுளின் கை என்று பெயர். இரண்டாவது எங்கள் ஊருக்கு மட்டும் தெரிந்தது. எங்கள் மேலத்துறையில் ராயப்பர் திருவிழாவுக்குக் கொடி ஏறினால், மூன்றாம் நாள், மூன்றாம் திருவிழா என்போம், அன்று கால்பந்துக் கோப்பை இறுதிப் போட்டி. அது எந்த வருடமும் ஜூன் 22-தான். சார் வாலிபனாக இருந்த காலத்தில் ஒரு மூன்றாம் திருவிழாவில், கீழத்துறைக்காரர்களுக்கு எதிராக, கடைசி நேரத்தில் தலையால் முட்டி ஒரு கோல் போட்டாராம். ஊர் அவரைத் தோளில் தூக்கிச் சிலுவை நிற்கிற குருசடி வரைக்கும் கொண்டுபோனதாம். அந்தக் கோலைப் பார்த்துத்தான் அன்றைக்கு இருந்த ஃபாதர் அவரை பி.டி. படிக்க அனுப்பினாராம். இதை சாரே எழுதுவார், சாரே போர்டில் ஒட்டுவார். ‘நம் பள்ளியின் பெருமைமிகு உடற்கல்வி ஆசிரியர்’ என்று அடைமொழியும் அவரே போட்டுக்கொள்வார். மரடோனா, அடுத்த வரியில் கிளீட்டஸ். வகுப்பில் எங்கள் யாருக்காவது ஹெடர் சரியாக வரவில்லை என்றால் நெற்றியைத் தட்டிக் காட்டுவார். "இதுதான்டே இடம். பந்த கண்ணத் தொறந்து பாக்கணும். நான் அன்னைக்கு பாத்தேன்."

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் டெல்பின். ஸ்டாப்பர் ஆடினேன், அதாவது கோலுக்கு முன்னால் நிற்கிற கடைசி ஆள். நன்றாக ஆடினேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. பெண் பிள்ளைகளுக்கும் கோப்பை வைக்க ஆரம்பித்த இரண்டாவது வருடமே நாங்கள் இறுதிப் போட்டிக்கு வந்தோம். எதிரே கீழத்துறை. ஜூன் 22, சாயங்காலம், கடற்கரை மைதானம். கச்சான் காற்று அடித்தால் அங்கே எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. மணல் எழும்பி வாய்க்குள் போகும், கண்ணுக்குள் போகும், பந்து ஒரு பக்கம் போகிற மாதிரி போய் வேறு பக்கம் விழும்.

ஒன்றுக்கு ஒன்று. முடியப்போகிறது. கீழத்துறைக்காரி ஒருத்தி ஓங்கி அடித்தாள். எங்கள் கீப்பர் ஆக்ஸிலியா விழுந்துவிட்டாள். நான் கோல் கோட்டில் நிற்கிறேன். பந்து என் மேல் பட்டு வெளியே போனது. எங்கே பட்டது தெரியுமா? இங்கே. முழங்கைக்கு மேலே, சட்டைக் கை முடிகிற இடத்தில். நான் கையை நீட்டவில்லை. அது வந்து பட்டது.

கீழத்துறைக்காரர்கள் "கை, கை" என்று கத்தினார்கள். எங்கள் ஆட்கள் "நெஞ்சு, நெஞ்சு" என்று கத்தினார்கள். ரெபரி நாகர்கோவிலிலிருந்து வந்தவர். பாவம், கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார், கண் முழுக்க மணல். அவர் பார்க்கவே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். என் பக்கத்தில் வந்தார். "நீ சொல்லும்மா. கையில பட்டுதா?"

"பட்டுச்சு சார்" என்றேன்.

ஏன் சொன்னாய், ஏன் சொன்னாய் என்று எல்லாரும் கேட்டார்கள். என்ன ஏன்? கேட்டார், சொன்னேன். அவர் கேட்காமல் கார்னர் கொடுத்திருந்தால் நான் பாட்டுக்கு வாயைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பேன். நான் ஒன்றும் புனிதை இல்லை. முகத்துக்கு நேரே ஒருத்தர் கண்ணில் மணலோடு நின்று கேட்கிறார். என்ன சொல்லுவது?

பெனால்டி. எனக்குச் சிவப்பு அட்டை. ஆக்ஸிலியா வலது பக்கம் பாய்ந்தாள், பந்து இடது பக்கம் போனது. கோப்பை கீழத்துறைக்குப் போனது.

எங்களுக்குக் கோச் கிளீட்டஸ் சார்தான். அவர் என்னை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கோல் வலையைச் சுருட்டிக்கொண்டு இருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "வாங்க உண்மை விளம்பி" என்றார். அவ்வளவுதான். டீம் முழுக்கச் சிரித்தது. தோற்ற டீம் மிஸ், அழுதுகொண்டு இருந்த டீம், சிரித்தது.

அதோடு என் பெயர் போய்விட்டது. உண்மை விளம்பி கொஞ்ச நாளில் வெறும் விளம்பி ஆனது. எங்கள் பக்கத்தில் பந்தியில் சோறு பரிமாறுவதை விளம்புவது என்றுதான் சொல்லுவோம். அது போதாதா? அந்தத் திருவிழா அசனப் பந்தியில் நான் சாப்பிட உட்கார்ந்தால், எதிர் வரிசையிலிருந்து, "ஏ விளம்பி, இங்க ரெண்டு கரண்டி சாம்பார் விளம்பு." சத்துணவு வரிசையில் நின்றால், "விளம்பி வந்தாச்சு, தட்ட நீட்டுங்க." என்னைவிடச் சின்னப் பொடியன்கள். எங்கள் அம்மாகூட, "வாய வச்சிக்கிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கப்பிடாதா?" என்றாள். அதன்பிறகு சார் என்னை டீமில் எடுக்கவில்லை. கேட்டதற்கு, "நீ கன்னியாஸ்திரி மடத்துல சேந்துரு மக்களே. அங்க பந்து வராது" என்றார். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சொன்னால் சிரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் எப்போதும் அவரோடு இருக்கும்.

ஒரு வருடம் பொறுத்தேன்.

அடுத்த வருடம் ஜூன் 22 ஞாயிற்றுக்கிழமை, அதனால் மறுநாள் அசெம்பிளியில் வாசித்தார்கள். பதினொன்றாம் வகுப்பு, கடைசி வரிசையில் நிற்கிறேன். ‘விளையாட்டில் இன்று’. வாசித்தது யார் தெரியுமா? ஆக்ஸிலியா. மரடோனா கடவுளின் கை என்று புகழ் பெற்றார் என்று வாசித்தாள். கிளீட்டஸ் சார் தலையால் முட்டினார் என்று வாசித்தாள். கை தட்டினார்கள். சார் மைக்கை வாங்கினார். "நம்ம பள்ளியிலேயும் ஒரு கடவுளின் கை இருக்கு. கை நல்ல கைதான். அதுக்க வாய்தான் செரியில்ல."

அத்தனை தலையும் திரும்பியது மிஸ். முன் வரிசையில் இருந்த ஆறாம் வகுப்பு முதல் பின்னால் இருந்த பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும். சிஸ்டரும் சிரித்தார். நீங்கள் சிஸ்டரிடம் கேளுங்கள், சிரிக்கவில்லை என்று சொல்லுவார். சிரித்தார்.

மரடோனாவை எனக்குப் பிடிக்கும், அது வேறு. அதே மேட்சில் அவர் போட்ட அடுத்த கோல் இருக்கிறதே, பாதி மைதானம் தனியாக ஓடி, வந்தவனை எல்லாம் ஏமாற்றி, அதை நான் போனில் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்த முதல் கோல் கையால் போட்டது. அவர் சொல்லவில்லை. அவருக்குக் கடவுள் பட்டம். அதே தேதியில் என் கையில் பட்டது. நான் சொன்னேன். எனக்குச் சாம்பார்க் கரண்டி. இதில் எந்த நியாயம் மிஸ் இருக்கிறது? கணக்கு டீச்சர்தானே நீங்கள், போட்டுக் காட்டுங்கள்.

வரிசையை விட்டு வெளியே வந்தேன். கேட் வரைக்கும் நடந்தேன். வாட்ச்மேன் தாத்தா, "பிள்ளே, பெல் அடிக்கல்லியே, எங்க போற?" என்றார். "விளம்பப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவுதான் என் படிப்பு. பிறகு சிஸ்டர் ஆள் அனுப்பினார், போகவில்லை. கணக்கில் நான் கொஞ்சம் மோசம், அதனால் நின்றுவிட்டேன் என்று சிலர் சொல்லுவார்கள். கொஞ்சம் இல்லை, நன்றாகவே மோசம். ஆனால் நான் நின்றது கணக்குக்காக இல்லை.

ஏன் இந்தக் கடைக்கு வந்தேன் என்று நினைக்கிறீர்கள்? தையல் கடையில் கூப்பிட்டார்கள். மீன் கம்பெனியில் கூப்பிட்டார்கள். நான் இங்கே வந்தேன். கடைக்கு நேர் எதிரே பள்ளி மதில். அந்தக் குழாய் மைக் எங்கள் பக்கம் பார்த்துத்தான் இருக்கிறது. யார் முதல் ரேங்க், யாருக்கு ஃபீஸ் பாக்கி, எல்லாம் எங்களுக்குத்தான் முதலில் கேட்கும். அப்புறம், ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளீட்டஸ் சார் தாளோடு வருவார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். தாளை மேஜையில் வைத்துவிட்டு பெனடிக்ட் அண்ணனிடம் பேசுவார். நான் அடித்துக் கொடுப்பேன். ஒரு எழுத்துகூடத் தவறாமல் அடிப்பேன். முழுதாக ஒரு வருடம் அப்படி அடித்தேன். அந்தத் தேதிக்காகக் காத்துக்கொண்டு இருந்தேன்.

முதலில் பெரிதாக ஏதாவது எழுதலாம் என்றுதான் இருந்தேன். சாரைப் பற்றிக் கெட்ட வார்த்தையில் ஒரு வரி. அந்தப் பிள்ளை அதையும் அதே குரலில் வாசித்திருக்கும். நினைக்கவே சிரிப்பாக இருந்தது. ஆனால் கெட்ட வார்த்தை ஒரு நாளில் காற்றில் போய்விடும். பட்டப்பெயர்தான் போகாது. அது எனக்கு அவர் சொல்லிக் கொடுத்தது.

போன சனிக்கிழமை அவர் கொண்டுவந்த தாளில் வழக்கம் போல அதே வரி இருந்தது. ‘தலையால் முட்டி’. நான் தலையை எடுத்துவிட்டுக் கையைப் போட்டேன். முட்டி என்பதைத் தட்டி என்று ஆக்கினேன். அவ்வளவுதான் மாற்றம். எல்லாரும் சிரிப்பார்கள், சார் குதிப்பார், "யாருலே இத மாத்துனது" என்று கத்துவார். கத்தக் கத்த ஊர் இன்னும் சிரிக்கும். பிறகு ஒருத்தன் அவரைக் ‘கை சார்’ என்று கூப்பிடுவான். அவர் திரும்பிப் பார்ப்பார். திரும்பிப் பார்த்துவிட்டால் முடிந்தது. நான் முதல் தடவை திரும்பிப் பார்த்தேன், அதனால்தான் எனக்கு அந்தப் பெயர் ஒட்டியது.

பொய்தான் மிஸ். அவர் தலையால்தான் போட்டார் என்று நானும் நம்பினேன். ஊரே நம்பியது. எனக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவருக்குப் பெயர் ஒட்ட வேண்டும். அது போதும்.

சார் வந்தார், தாளை வாங்கினார், படிக்கவில்லை, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலையில் நான் நேரத்தோடே வந்து பாதி ஷட்டரைத் தூக்கிவிட்டு நின்றேன். திருக்குறள் வந்தது. செய்தி வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தது. மரடோனா வந்தார், போனார். பிறகு, "நம் பள்ளியின் பெருமைமிகு உடற்கல்வி ஆசிரியர் திரு கிளீட்டஸ் அவர்கள் இறுதி நிமிடத்தில் கையால் தட்டி கோல் அடித்து நம் ஊருக்குப் பெருமை சேர்த்தார்."

முதலில் ஒரு சிரிப்பு, பின்னால் இருந்து. அப்புறம் நாலைந்து. கத்தப்போகிறார், இதோ கத்தப்போகிறார் என்று நிற்கிறேன்.

மைக்கை யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சாரின் குரல். வழக்கமான குரல் இல்லை.

"வாசிச்சது செரிதான். தல இல்ல. கைதான். காத்து, மணலு, ஒருத்தனும் பாக்கல. நானும் சொல்லல. இத்தன வருஷமா நெத்தியக் காட்டிக்கிட்டு இருந்தேன்."

அப்படியே மைக்கை வைத்துவிட்டார்.

நான் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன் மிஸ். நான் இட்டுக்கட்டி எழுதியது உண்மையாகிவிட்டது. சரி, அதுவும் நல்லதுதான், இன்னும் நல்லது, இனிமேல் தலை தூக்க முடியாது என்று ஒரு நொடி எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்போது கை தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் ஒருத்தர். சிஸ்டர்தான் என்று பிறகு சொன்னார்கள். அப்புறம் பள்ளிக்கூடம் முழுக்க. மதிலுக்கு இந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்ற பெண்கள்கூடத் தட்டினார்கள். பெனடிக்ட் அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டு, "பாத்தியா, இதுதான்டே ஆம்பள" என்றார்.

சொன்னீங்களா இல்லையாண்ணே? அப்புறம் என்ன தலையைக் குனியுறீங்க?

அதோடு விட்டார்களா? சாயங்காலம் மூன்றாம் திருவிழாக் கோப்பை. கோப்பையைக் கொடுக்க யாரைக் கூப்பிட்டார்கள்? கிளீட்டஸ் சாரை. கையால் கோல் போட்டேன் என்று சொன்ன மனுஷன் அந்தக் கையாலேயே கோப்பையைக் கொடுக்கிறார், ஊர் விசில் அடிக்கிறது. மறுநாள் நவநாள் பூசையில் ஃபாதர் பிரசங்கத்தில் சொல்லுகிறார், உண்மையைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் பாருங்கள் என்று. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஆக்ஸிலியா தலையை ஆட்டிக்கொண்டு இருந்தாள். புதன்கிழமை கீழத்துறையிலிருந்து வறுவேல் மாமா வந்தார். அந்தக் காலத்தில் தோற்ற டீமுக்கு அவர்தான் கேப்டன். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து ஓடிப்போய்ப் பார்த்தேன். பைக்கில் இந்த நீளத்துக்கு ஒரு நெய்மீன். சார் வீட்டில் கொடுத்துவிட்டு, கட்டிப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கே எனக்க மனசுக்குள்ள ஒரு இது இருந்துதுலே" என்று அழுகிறார். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்களாம்.

நான் சொன்னது அந்த நிமிடத்தில். அவர் சொன்னது தலை நரைத்த பிறகு. எனக்குச் சாம்பார், அவருக்கு நெய்மீன்.

ஊரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட, இதே மாதிரி ஒரு பிள்ளை முன்னால் சொன்னாளே என்று சொல்லவில்லை மிஸ். யாரையும் குறை சொல்லவில்லை. நினைவு வரவில்லை. அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் கேள்வியோடு ஒரு செய்தியும் கொண்டுவந்திருக்கிறீர்கள். வருகிற செவ்வாய்க்கிழமை அசெம்பிளியில் சார் என்னிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்கிறீர்கள். பள்ளி முழுக்கப் பார்க்கும்படியாக. என்னைப் பதினொன்றில் திரும்பச் சேர்ப்பார்கள், டீமிலும் எடுப்பார்கள் என்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், அது எப்படி இருக்கும். நான் போய் நிற்பேன். அவர் மன்னிப்பு என்பார். மறுபடியும் கை தட்டுவார்கள். யாருக்கு? எனக்கா? அவருக்குத்தான். இன்னொரு நெய்மீன் வரும்.

நான் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நான் ஏதோ தெரிந்துவைத்துக்கொண்டுதான் மாற்றினேன் என்று அவர் நினைத்துக்கொண்டு இருக்கிறார். அந்தக் காலத்து ஆள் யாரோ பார்த்து எனக்குச் சொல்லியிருக்கிறார், பிடிபட்டோம் என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஒருத்தரும் பார்க்கவில்லை, ஒருத்தருக்கும் தெரியாது, நீங்களாக வாயைத் திறந்து மாட்டிக்கொண்டீர்கள், சும்மா சிரித்துவிட்டுப் போயிருந்தால் தப்பித்திருப்பீர்கள் என்று யாராவது அவரிடம் சொல்ல வேண்டும். அதைக் கேட்கும்போது அவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துத்தான் இந்த வாரம் முழுக்க நான் தூங்கினேன்.

இல்லை மிஸ், நீங்கள் சொல்ல வேண்டாம். நீங்கள் நல்லவர்கள், இனிப்புத் தடவிச் சொல்லுவீர்கள். உங்கள் போனில் அவர் நம்பர் இருக்கும் இல்லையா? போடுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள், நீங்களும் கேளுங்கள். அண்ணே, அந்த பேட்டரி ரேடியோவை அணைங்க.

"சார், நான் டெல்பின்."

"ம்... சொல்லு பிள்ளே."

"நான் தெரிஞ்சு மாத்தல சார். சும்மா மாத்துனேன். ஒங்கள அசிங்கப்படுத்தணும்னு மாத்துனேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. யாரும் எங்கிட்ட சொல்லல. யாரும் பாக்கல. நீங்க பேசாம இருந்திருந்தா தப்பிச்சிருப்பீங்க. கேக்குதா சார்?"

"கேக்குது. நான் ஒட்டும்போதே பாத்தேன்."

"என்னத்த?"

"கையால்னு இருந்தத. போர்டுல பசை தடவும்போ கண்ணுல பட்டுது. பேனா பாக்கெட்டுலதான் இருந்துது. அடிச்சுத் திருத்தியிருக்கலாம். கிழிச்சும் போட்டிருக்கலாம். செவ்வாக்கிழம வா பிள்ளே. வைக்கட்டுமா?"

வைத்துவிட்டார்.

கேட்டீர்களா மிஸ்? கேட்டீர்கள்தானே? ஒட்டும்போதே பார்த்தாராம். பார்த்துவிட்டு விட்டாராம். அப்படியென்றால் நான் ஒரு வருடம் காத்துக்கிடந்தது என்ன ஆனது? நான் மாற்றியது என்ன ஆனது? இது உண்மையாக இருந்தால் நான் அவரைப் பிடிக்கவே இல்லை, அவராகவே வந்து நின்றிருக்கிறார். பொய்யாக இருந்தால், என்னை ஜெயிக்க விடக்கூடாது என்று அந்த ஒரு நொடியில் அவருக்கு இப்படி ஒரு பதில் தோன்றியிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் இந்தக் கோலையும் அவரே போட்டுக்கொண்டார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பசை தடவும்போது பக்கத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் கூட்டிப் பெருக்குகிற அக்காகூட வந்திருக்க மாட்டார்.

சிரிக்காதீர்கள் மிஸ். எனக்கு இப்போது கோபம் வருகிறது.

சிஸ்டரிடம் சொல்லுங்கள், செவ்வாய்க்கிழமை வருகிறேன். யூனிஃபார்ம் எல்லாம் போட மாட்டேன், பழையது இப்போது பற்றாது. மன்னிப்பும் வேண்டாம், அதை அவர் வறுவேல் மாமாவிடம் கேட்டுக்கொள்ளட்டும். மைக்கை ஒரு நிமிடம் என்னிடம் தர வேண்டும், அது போதும். நான் பேசப் போவதில்லை. அவர் பக்கத்தில் போய் நின்று, அவர் முகத்துக்கு நேரே, அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஒன்றே ஒன்று கேட்பேன்.

"நீங்க சொல்லுங்க சார். பாத்தீங்களா, பாக்கலியா?"